விசில் அடிக்காத குக்கர்

உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டதா, கரண்டில் வேகவைக்கிற குக்கர்? வராமல் இருக்காது. நம் வயதுக்காரர்கள் வீட்டில் எல்லாம் இப்போது இது ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். நம் முட்டிவலியைப் பற்றி அவர்களுக்குக் கவலை. கவலை கூடினால் வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கிவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் என் மகள் அனுப்பியது போன பங்குனியில் வந்தது. பிரித்துப் பார்த்தால், கறுப்பும் வெள்ளியுமாக, தொந்தி வைத்த ஒரு சின்ன அண்டா. முகப்பில் வரிசையாகப் பொத்தான்கள். கரண்டு ஆபீஸில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். ஊரார் வீட்டு மீட்டர் கணக்கையெல்லாம் பார்த்தவளுக்கு, என் வீட்டுச் சோறு கரண்டில் வேகும் என்று நம்பத்தான் நாளாயிற்று.

முதல் நாள் சோறு களியாகப் போனது. மறுநாள் நொய்க்கஞ்சி. மகளை போனில் கூப்பிட்டு, "இந்தச் சனியனை நீயே வந்து எடுத்துக்கிட்டுப் போ" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "அம்மா, இதுல ஆவி வெளிய போகாது. பழைய கணக்குல தண்ணி ஊத்தாத, கொறச்சு ஊத்து" என்றாள். சரிதான், ஆவி போகாவிட்டால் தண்ணீர் எதற்கு? அதற்கப்புறம் கை படிந்துவிட்டது. இப்போது பருப்பு, கொள்ளு ரசம், சீரகச் சம்பாவில் குஸ்கா, ஞாயிற்றுக்கிழமையானால் எலும்புக் குழம்பு எல்லாம் அதில்தான். அடுப்பு முன்னால் நின்று வேர்க்க வேண்டியதில்லை. பொத்தானை அமுக்கிவிட்டு வாசலில் பூக்காரியிடம் பேரம் பேசப் போகலாம். நல்ல சாமான்தான், பொய் சொல்லக் கூடாது.

ஒரே ஒரு குறை. இது விசில் அடிக்காது. வெந்து முடிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிள் மணி மாதிரி மெல்ல ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு அது குறையில்லை. என் சித்திக்குத்தான் குறை.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை இல்லை. என் அம்மா போனபிறகு அப்பா கட்டிக்கொண்டு வந்தவள். அப்பாவும் போய்விட்டார். நானும் சித்தியும்தான் இப்போது இந்தத் திண்டுக்கல் வீட்டில் ஒருவருக்கொருவர் காவல். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் அதே பழைய கூர்மை. தினமும் சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தக் குக்கருக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள்.

"என்ன பாப்பா, இன்னும் விசிலே வரல? கரண்டு போயிருச்சா?"

"இது விசில் அடிக்காது சித்தி."

"அடிக்காதா? அப்புறம் வெந்துருச்சுன்னு தெருவுக்கு எப்புடித் தெரியும்?"

அறுபதைத் தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதை விடுங்கள். 'தெருவுக்கு எப்படித் தெரியும்' என்றாளே, அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் என்ன வேகிறது என்று தெருவுக்குத் தெரிந்துபோன ஒரு புரட்டாசி மாதம் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. மலைக்கோட்டை தெரிகிற ஒரு தெருவில் இருந்தோம். அப்பா வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவர் சட்டையில் சின்ன வெங்காய வாசம் இருக்கும். அம்மா காய்ச்சலில் கிடந்து போனபிறகு, தெருக்கோடியில் இருந்த அத்தைதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எனக்குத் தலை சீவிவிட்டது, சோறு போட்டது, பேன் பார்த்தது, அடித்தது எல்லாம் அவள்தான். அம்மாவின் போட்டோவையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டாள். "பூட்டிக் கெடக்குற வீட்டுல அவ தனியா இருக்க வேணாம்" என்பாள்.

ஒரு வருஷம் கழிந்ததும் அப்பாவுக்குப் பெண் பார்த்ததும் அதே அத்தைதான். வத்தலக்குண்டில் பார்த்தாள். பார்த்து முடித்து, கட்டி வைத்து, புதுப்பெண் வீட்டுக்குள் காலடி வைத்த நிமிஷத்திலிருந்து அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு அத்தை இருந்திருப்பாள்.

சித்தி கொண்டுவந்த சீரில் ஒரு குக்கர் இருந்தது. மதராஸில் கம்பெனி வேலையில் இருந்த அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. கனத்த அலுமினியம், கறுப்புக் கைப்பிடி, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற மூன்று ஏனம். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் குக்கர் கிடையாது. முதல்முதலாக அது விசில் அடித்த அன்றைக்கு எதிர்வீட்டு மாட்டுக்கார அக்கா, ரயில் தடம் மாறித் தெருவுக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக் கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு ஓடினாள். நிஜமாக ஓடினாள். நான் பார்த்தேன்.

அந்த அக்காவுக்கும் குக்கருக்கும் ஆரம்பத்திலேயே ஆகவில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் சோற்றை வடித்துக் கஞ்சியை அவள் மாட்டுக்கு ஊற்றுவது வழக்கம். காலையில் வாளியோடு வருவாள், ஒவ்வொரு வீட்டிலும் வடிகஞ்சி விழும். குக்கரில் வைத்த சோற்றில் ஏது கஞ்சி? எங்கள் வீட்டு வாசலில் அவள் வாளி காலியாகவே திரும்பியது.

"ஆத்தாடி, வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் கஞ்சி இல்லாத வீடாப் போச்சே" என்று அத்தையிடம் போய் வத்தி வைத்தாள்.

அத்தைக்கு இது போதாதா? எங்கள் அடுப்படியில் வந்து நின்றுகொண்டு ஆரம்பித்தாள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாக. மூடியவே தெறக்க முடியாத ஏனத்துல நீ எத எடுத்து எதப் பாப்ப? கஞ்சி வடிக்காத சோறு வாய்வு. பிள்ள வயித்தக் கெடுத்துறாத."

"நல்லா வெந்துரும் மதினி" என்றாள் சித்தி.

"ஆமா, அடுப்புல வச்சுட்டு மல்லாந்து படுக்கலாம்ல. அதுக்குத்தான் இந்தச் சாமான்."

சித்தி குனிந்துகொண்டு குக்கர் மூடியைத் துடைத்தாள். அவளுக்கு அப்போது இருபது இருபத்தொன்று இருக்கும். என் மகள் வயதில் பாதிகூட இல்லை என்று இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அப்போது எனக்கு அவள் ஒரு பெரிய மனுஷி, அவ்வளவுதான்.

எனக்கு அவளைப் பிடித்ததா? சொல்லத் தெரியவில்லை. எனக்குக் குக்கரைப் பிடித்தது. கழுவியதும் அதன் ரப்பர் வளையத்தை ஆணியில் மாட்டிக் காயப்போடுவாள். நான் அதை எடுத்து ஸ்டீரிங் பிடித்துக்கொண்டு முற்றத்தில் பஸ் ஓட்டுவேன். டிரைவரும் நானே, கண்டக்டரும் நானே.

"வத்தலக்குண்டு, வத்தலக்குண்டு! ஏறுங்க, ஏறுங்க!"

சித்தி அரிசி புடைத்துக்கொண்டே, "எனக்கும் ஒரு டிக்கெட் குடு பாப்பா" என்பாள். புளியமர இலையைக் கிள்ளிக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு சிரிப்பாள். சிரித்துவிட்டுச் செத்த நேரம் முறத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர் நினைப்பு என்பது எனக்கு அப்போது எங்கே தெரியும்?

கொஞ்ச நாளில் தெரு முழுக்க எங்கள் வீட்டு விசிலுக்குப் பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, எண்ணவும் ஆரம்பித்தது. குக்கருக்கு மூடி உண்டே தவிர ரகசியம் கிடையாது. மூன்று விசில் என்றால் சோறும் பருப்பும். ஞாயிற்றுக்கிழமை ஏழு எட்டு என்று போனால் ஆட்டுக்கறி. "என்னத்தா, இன்னைக்கு ஒங்க வீட்ல எட்டா?" என்று மாட்டுக்கார அக்கா என்னிடமே கேட்பாள். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன்.

பிறகு புரட்டாசி பிறந்தது. எங்கள் தெருவில் புரட்டாசி என்றால் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. கறி, மீன், முட்டை எதுவும் வாசப்படி ஏறாது. கருவாட்டுச் சட்டியைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். பெரியவர்களுக்குச் சரி, எங்களுக்கு நாக்கு செத்துவிடும். பூசணிக்காய், புடலங்காய், மறுபடி பூசணிக்காய். குக்கரும் மூன்றுக்கு மேல் வாய் திறக்கவில்லை.

அந்த மாதத்தில் ஒருநாள் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"பாப்பா, ஒங்க அம்மாவுக்கு என்ன வெஞ்சனம் புடிக்கும்?"

யாரும் என்னிடம் அம்மாவைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை. அத்தை வீட்டில் அம்மா பேச்சு வந்தாலே அழுகைதான். "மொச்சக்கொட்டக் குழம்பு" என்றேன். "சோம்பு, பட்டை எல்லாம் அரச்சு ஊத்தும். கறிக்கொழம்பு மாதிரி இருக்கும். மொச்ச வாயில வச்சா வெண்ணெயாக் கரையணும்னு சொல்லும்."

"வேற?"

"வேற, என்னைய வெயில்ல வெளையாடக் கூடாதுன்னு சொல்லும்."

சித்தி சிரித்துவிட்டு ரிப்பனை முடிந்துவிட்டாள். நான் அதைச் சொன்னதையே மறந்துவிட்டு விளையாட ஓடிப்போனேன்.

மகாளய அமாவாசை வந்தது. செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுக் கும்பிடுகிற நாள். அம்மாவின் போட்டோ அத்தை வீட்டில் இருந்ததால் படையலும் அங்கேதான். முதல் நாளே அத்தை வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "நீயும் பிள்ளையும் காலையிலேயே வந்துருங்கப்பா. அவ வர வேணாம். போனவளுக்கு ஆகாது." சித்தி அடுப்படியில்தான் நின்றிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் அத்தையும் சொன்னாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்து அப்பாக்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்தார்கள்.

அமாவாசையன்று காலையிலிருந்து பட்டினி. படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, காக்காய் வந்து எடுத்தபிறகுதான் சோறு. அத்தை உளுந்தவடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வடையைத் தொட்டுப் பார்த்ததற்கு என் கையில் கரண்டியால் ஒரு தட்டு. வாழையிலையைக் கழுவிப் போட்டாகிவிட்டது. அப்போதுதான் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து விசில் கேட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் கவனிக்கவில்லை. நான்கு. அத்தை கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து. ஆறு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எட்டைத் தாண்டியதும் மாட்டுக்கார அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யக்கா, ஒங்க தம்பி வீட்டு வாசல்ல போய் மோந்து பாருங்க. சோம்பும் பட்டையும் கமகமன்னு வருது. அமாவாசையும் அதுவுமா, புரட்டாசியில, கறி வேகுது!"

அத்தை எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். கையைக்கூடத் துடைக்கவில்லை. தெருவில் இறங்கி நடந்த வேகத்துக்கு நானும் அப்பாவும் பின்னால் ஓட வேண்டியிருந்தது. மாட்டுக்கார அக்கா முன்னாலேயே போய் இடம் பிடித்துவிட்டாள்.

அடுப்படியில் சித்தி ஸ்டவ்வை அணைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்றாள். தலைக்குக் குளித்து ஈரத்துண்டு சுற்றியிருந்தாள். ஸ்டவ் மேல் குக்கர் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வாசம் என்றால் அப்படி ஒரு வாசம். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

"உள்ள என்னடி?" என்றாள் அத்தை.

சித்தி தலையில் ஈரத்துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"ஒன்னையத்தான் கேக்குறேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குறியா? தெருவே எண்ணிருச்சு. என் தம்பி பொண்டாட்டிக்கு அங்க எலை போட்டிருக்கேன், நீ இங்க கறி ஆக்கித் திங்குறியா? தெற!"

"தெறக்குறேன் மதினி. ஆவி அடங்கட்டும். இப்பத் தெறந்தா மூஞ்சியில அடிக்கும்."

"வெயிட்டத் தூக்கு."

"தூக்குனா கொழம்பு மேல பொங்கும். நீங்க பக்கத்துல நிக்கிறீங்க. செத்த பொறுங்க."

"பொறுக்குறேன். ஆனா ஒண்ணு. அதுக்குள்ள கறி இருந்துச்சு, பிள்ளைய நான் கூட்டிட்டுப் போயிருவேன். நீ ஒங்க ஆத்தா வீட்டுக்குப் பஸ் ஏறிக்க. கேட்டுக்க தம்பி, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அப்பா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்து, "அப்படியெல்லாம் இருக்காதுக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த ஒரு நாளுக்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆவி அடங்குகிற வரைக்கும் காத்திருப்பது எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். பசியில்லாத நாளில் அது ஒன்றுமில்லை. அன்றைக்கு அது ஒரு யுகம். அந்தப் பக்கம் அத்தையும் மாட்டுக்கார அக்காவும். நடுவில் நிலையோடு நிலையாக அப்பா. இந்தப் பக்கம் சித்தி மட்டும். எல்லாரும் அந்த வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது உஸ்ஸென்று கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியில் இருந்த என் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சித்தி பக்கத்தில் நின்றேன். அம்மா எனக்கென்று பெயர் வெட்டி வாங்கிய எவர்சில்வர் தட்டு அது. ஏன் போய் நின்றேன் என்றால், பாசம், நியாயம் என்று கதை அளக்க மாட்டேன். உள்ளே கறிதான் என்று எனக்கு நிச்சயம். எட்டுக்கு மேல் விசில், சோம்பு வாசம், வேறு என்னவாக இருக்கும்? காலையிலிருந்து பட்டினி, மாதப் பிறப்பிலிருந்து பூசணிக்காய். இவர்கள் சண்டை போட்டு அதைக் கொட்டுவதற்குள் ஒரு துண்டாவது தட்டில் விழுந்துவிடாதா என்கிற நப்பாசைதான்.

"ஏய், இங்க வாடி" என்றாள் அத்தை.

நான் அசையவில்லை. சித்தி குனிந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் என் தலைமேல் கையை வைத்தாள். கை சில்லென்று இருந்தது.

உஸ் சத்தம் நின்றது. சித்தி வெயிட்டை எடுத்து வைத்துவிட்டு, மூடியைத் திருகி எடுத்தாள். ஆவி மேலே போய்க் கலைந்தது. அத்தை எட்டிப் பார்த்தாள். நானும் நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

மொச்சை. சிவந்த குழம்பில் பெரிய பெரிய மொச்சை, வெடித்துப் பூத்துக் கிடந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏமாற்றத்தில். அத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். சித்தி குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள் அறைக்குப் போனாள். அங்கே ஒரு மணைப்பலகை போட்டு, முன்னால் இலை விரித்து, விளக்கு ஏற்றி வைத்திருந்தாள். போட்டோ இல்லையே, அதனால் பலகைமேல் அம்மாவின் மஞ்சள் சுங்குடிச் சேலையை மடித்து வைத்து, அதன்மேல் கனகாம்பரம் கொஞ்சம் போட்டிருந்தாள்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தச் சேல எங்கடி இருந்துச்சு?"

"டிரங்குப் பெட்டியில மதினி. தொவைக்கல. தொவச்சா அவுங்க வாசம் போயிரும்னு மடிச்சமேனிக்கே வச்சிருந்தேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "காலையிலதான் மொச்ச நெனப்பு வந்துச்சு. ராத்திரியே ஊறப்போட மறந்துட்டேன். அதான் விசில் கூடப் போச்சு."

மாட்டுக்கார அக்கா, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு நழுவினாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியதைப் பார்த்து, பெரியவர்களும் அழுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அத்தை எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்கிற மாதிரி அம்மாவின் போட்டோவை அணைத்துக்கொண்டு வந்தாள், போட்ட மாலையோடு. இன்னொரு கையில் வடைத் தூக்கு.

"ஆணி எங்கடி வச்சிருக்க?" என்றாள் சித்தியிடம்.

அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அந்தத் தலைமுறைக்குக் கிடையாது. படையல் எங்கள் வீட்டில் நடந்தது, காக்காயும் வந்தது. அத்தை மொச்சைக் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். கண் கலங்கிவிட்டது. "உப்புக் கொறச்சல்" என்றாள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது யோசித்தால் அத்தை மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அம்மாவும் அவளும் நாத்தனார் மாதிரியா இருந்தார்கள்? கிணற்றடியில் ஒன்றாகத் துவைத்து, ஒன்றாகச் சிரித்து, தோழிகள்தான். புதிதாக ஒருத்தி வந்து அம்மாவை வீட்டை விட்டே துடைத்துவிடுவாள் என்று அத்தை பயந்திருக்கிறாள். பயத்தைச் சொல்லத் தெரியாமல் கஞ்சி, வாய்வு, விசில் என்று சண்டை பிடித்திருக்கிறாள். எனக்கே இதெல்லாம் அவள் செத்தபிறகுதான் புரிந்தது.

அந்தக் குக்கர் பல வருஷம் உழைத்தது. ஒருநாள் கைப்பிடி உடைந்து, பழைய ஈயம் பித்தளை வாங்குகிறவரிடம் பேரீச்சம்பழமாகிப் போனது. பெயர் வெட்டிய தட்டு மட்டும் இருக்கிறது. அடி தேய்ந்து, எழுத்தும் பாதி அழிந்துவிட்டது.

இந்தப் புரட்டாசி அமாவாசைக்கு நான் ராத்திரியே மொச்சை ஊறப்போட்டேன். காலையில் சோம்பு, பட்டை அரைத்து ஊற்றி, கரண்டு குக்கரில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். சித்தி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சத்தமே இல்லாமல் வெந்து, சைக்கிள் மணியும் அடித்தது. மூடிமேல் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது. ஆவி உள்ளே இருக்கிற வரைக்கும் அது மேலேயே நிற்கும். அடங்கினால் தானாக இறங்கும். அவசரமானால் பக்கத்துப் பொத்தானைத் தட்டி ஆவியை விட்டுவிடலாம். நான் அதில் கையை வைத்தேன்.

"அதத் தொடாத" என்றாள் சித்தி. "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்? உக்காரு."

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அந்தக் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூடத்துச் சுவரில் அம்மா, அப்பா, அத்தை மூன்று பேரும் மாலையோடு இருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, கேட்டுவிட்டேன்.

"சித்தி, அன்னைக்கு மொச்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பிருவாகளாக்கும்? அதும்போக, அது ஒங்க அம்மாவுக்கு வச்சது. சண்டையில அத எடுத்துப் போடக் கூடாதுல்ல."

பிறகு நான் சொன்னேன். "நீ நெனச்சுக்கிட்டு இருப்ப, நான் ஒனக்காக வந்து நின்னேன்னு. கறின்னு நெனச்சுத்தான் சித்தி வந்தேன்."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு.

"எனக்குத் தெரியாதாக்கும்? கையில தட்டத் தூக்கிட்டு வந்தவள்ல நீ? மூடியத் தெறந்ததும் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு அழுத, அதையும்தான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் இத்தனை வருஷம் எல்லார்ட்டயும், 'எம் பிள்ள என் பக்கத்துல வந்து நின்னா'ன்னு பெருமையடிச்ச?"

"நின்னியா, இல்லையா?"

"நின்னேன்."

"கறிக்கு வந்தியோ, எனக்கு வந்தியோ, அந்த வீட்டுல என் பக்கம் வந்து நின்னது நீ ஒருத்திதான். அதுவும் மூடியத் தெறக்குறதுக்கு முந்தியே." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குக் காலையிலயே என் துணியெல்லாம் மடிச்சுப் பையில வச்சுட்டேன் பாப்பா. ஒங்க அம்மாவுக்கு ஒரு இலை போட்டுட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போயிறணும்னுதான் இருந்தேன். மொச்சைதான்னு எல்லாரும் பாத்த பிறகும் போயிருப்பேன். கூடக் கெடந்த மனுசனே வாயத் தெறக்கலயே, அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு? நீ தட்டோட வந்து நின்னுட்ட. சோறு போடாம எப்புடிப் போறது?"

இத்தனை வருஷத்தில் அந்தப் பையைப் பற்றி அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் ஓட்டி விளையாடி அவளுக்குப் புளிய இலை டிக்கெட் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கண்ணீர் தானாக இறங்கிவிட்டது. அதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

குக்கர் மூடியில் டக்கென்று ஒரு சத்தம். குமிழ் இறங்கிவிட்டது. அவள் காதுக்கு அது கேட்டிருக்காது, ஆனால் கண் அதன்மேலேயேதான் இருந்திருக்கிறது.

"ஆவி அடங்கிருச்சு" என்றாள் சித்தி. "போ, தட்ட எடுத்துக்கிட்டு வா."